ஊசி போடுவது அழகுக்கலை அல்ல



"காலில் தெரியும் நீல நரம்புகள் ஒரே ஊசியில் மறையும்" என்ற அழகு நிலைய விளம்பரத்தை உங்களில் மூன்று பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில், அது நரம்பே அல்ல, சிரை. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். வகுப்பில் எத்தனை முறை சொன்னேன்!

ஸ்க்ளிரோதெரபி என்ற அந்தச் சிகிச்சை உண்மையானதுதான். பாலிடோகனால் போன்ற மருந்து சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி, ஒட்டவைத்து, மூடிவிடும். பிறகு உடலே அதை மெல்லக் கரைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பலருக்கு ஒரு தடவை போதாது.

தொடையில் பெரிய சிரையின் வால்வு பழுதாகிக் கிடந்தால்? மேலே ஓடு ஒழுக, கீழே தரையைத் துடைத்த கதைதான். மருந்து தவறித் தமனிக்குள் போனால் தோலும் சதையும் அழுகிவிடலாம். ஒவ்வாமை வந்தால் அழகு நிலையத்தில் யார் காப்பாற்றுவார்? கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

ரத்தநாள மருத்துவரிடம் போங்கள். காலைச் சோதிக்காமல், டாப்ளர் ஸ்கேன் பற்றிப் பேசாமல் ஊசி எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விளம்பரத்தைப் பகிர்ந்தவர்கள் இன்றைக்கே நீக்குங்கள்.