கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீங்க!

"மிஷின் பழசாயிடுச்சு அண்ணாச்சி. புதுசு வாங்கிடுங்க!"

சின்னக் கடைக்காரர் இன்று எங்கே போனாலும் கேட்கிற அருள்வாக்கு இதுதான். மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. பிறகு என்ன கேடு? விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐயோ, 2017-க்கு முன் வந்த மிஷின்களில் பெரும்பாலானவை ஏற்காது. புதுசுக்குப் பல ஆயிரம் எண்ணி வை என்றால் அண்ணாச்சி எங்கே போவார்?

வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ். காலணா செலவில்லை. கடிதம் அடிக்க, கணக்கு அட்டவணை போட லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். நம் சென்னையில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' கூட லினக்ஸ்தான். 2011-ல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோசோடு அதுவும் இருந்ததே!

தொல்லையே இல்லையா? இருக்கிறது. லினக்ஸில் நேராக ஓடும் டாலி கிடையாது. டாலியை நம்பிய கடைக்காரர் அவசரப்பட வேண்டாம். சில பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும்.

பெரிய தொல்லை வேறு. "வேர்டு ஃபைலாத்தான் வேணும் சார்" என்கிறார்கள் ஆபீசில். நீங்கள் லதா எழுத்தில் அடித்த கடிதம், அந்த எழுத்து இல்லாத மிஷினில் வரி தள்ளிப்போய் ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகிறது. பழைய பாமினி எழுத்தில் அடித்ததோ, கண்டபடி ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது! இது லினக்ஸின் குற்றமா? தமிழுக்கு யூனிகோடு என்று தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டாயிற்று. இன்னும் பழைய எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? முடிந்த கடிதத்தை பி.டி.எஃப்.பாக வாங்கிக்கொண்டால் ஆபீசுக்கு என்ன நஷ்டம்? அதிகாரிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சிமார்களே, ஒன்று செய்யுங்கள். தெரிந்த பையனிடம் சொல்லி 'மின்ட்' லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி வாங்குங்கள். உள்ளே இருக்கும் விண்டோசைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பில் அடியுங்கள். பிரிண்டர் பேசுகிறதா பாருங்கள். சரிப்பட்டால், ஃபைல்களுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு மாறுங்கள். சரிப்படாவிட்டால் பென் டிரைவை உருவிவிடுங்கள்.

முதலில் பென் டிரைவ். அப்புறம் பர்ஸ்!