ஸ்டேஷன் பக்கத்துல சந்தைக்கும் இடம் விடுங்க

கிளாம்பாக்கம்னு பேச்சு எடுத்தாலே சென்னையில இருக்கிற என் சொந்தக்காரங்க புலம்ப ஆரம்பிச்சிடுறாங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா வீட்டுக்குப் போக இன்னொரு பஸ், இல்லன்னா ஆட்டோக்காரர் சொல்றதுதான் காசு. நியாயமான புலம்பல்தான். பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தாங்க. எதிர்ப்பக்கமே தண்டவாளம் ஓடுது, ஆனா அன்னைக்கு அங்க ரயில் நிலையம் கிடையாது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவுல புது நிலையம் கட்டுற வேலை அப்புறம்தான் ஆரம்பிச்சது. மாட்டை ஓட்டிட்டு வந்து கட்டிட்டு, கொட்டகைக்கு மூங்கில் தேடின கதை.

இப்போ அந்த நிலையத்தைச் சுத்தி என்னென்ன வரணும்னு பேசுறவங்க அடுக்குமாடி, மால், ஆபீஸ், ஓட்டல்னு அடுக்குறாங்க. வீடும் கடையும் வேலையும் நடக்கிற தூரத்துல இருக்கணும்ங்கிறது நல்ல யோசனைதான். எங்க பக்கத்துப் பழைய கடைத்தெருவே கீழ கடை, மேல வீடுதான். ஆனா காய் கொண்டு வர்றவனுக்கு இடம் வேணும்னு யாரும் சொல்லி நான் கேக்கல.

கோயம்பேட்டைப் பாருங்க. 1996ல சந்தை வந்துச்சு, 2002ல பஸ் நிலையம், 2015ல மெட்ரோ. மூணும் பக்கம் பக்கம். மதுராந்தகம் பக்கத்துல ஒண்ணரை ஏக்கர் வச்சிருக்கிற என்னைப் போல ஆளுக்கு 40 கிலோ கத்தரிக்காய்க்குத் தனி வண்டி கட்டுபடியாகுமா? பஸ்தான் எங்க லாரி. ராத்திரி ஏத்தினா விடியறதுக்குள்ள சந்தைக்குப் போயிடும். இப்போ பஸ் கிளாம்பாக்கத்தோட நின்னுடுது, சந்தை கோயம்பேட்டுலயே இருக்கு. நடுவுல மூட்டையை இறக்கி இன்னொரு பஸ்ஸுல ஏத்தணும். ஏத்துகூலி ரெண்டு தடவை, கீரையா இருந்தா பாதி வாடிப்போகும்.

அதனால கேக்கிறேன், ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டு ஏக்கர் உழவர் சந்தைக்கு ஒதுக்குங்க. 1999ல மதுரை அண்ணா நகர்ல ஆரம்பிச்ச திட்டம்தான், புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம். விவசாயிக்கு அடையாள அட்டை, அன்னைக்கு விலை பலகையில, நடுவுல கமிஷன் கிடையாது. மேல்மருவத்தூர் வரைக்கும் புறநகர் ரயில் ஓடுது. நாங்க காலையில கூடையோட வந்து இறங்குவோம், நீங்க சாயங்காலம் வேலை முடிஞ்சு போறப்ப வாங்கிட்டுப் போங்க. மிஞ்சினதை வைக்க ஒரு சின்னக் குளிர்சாதன அறை. நடைமேடையில இருந்து சந்தைக்கு வர சாய்வுப் பாதை கட்டாயம் வேணும். மூட்டையைத் தலையில வச்சிக்கிட்டு நடைமேம்பாலப் படி ஏறினவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

"அங்க சதுர அடி என்ன விலை தெரியுமா, அதுல போய் கத்தரிக்காயா?"ன்னு என் மச்சான் சிரிச்சார். அந்த விலை எதனால ஏறிச்சு மச்சான்? மக்கள் வரிப்பணத்துல பஸ் நிலையமும் ரயில் நிலையமும் வந்ததாலதானே? ஏறின லாபம் முழுக்க மனை போடுறவருக்கேன்னா எப்படி?

அதே போல அந்த மாலைப் பெருக்கிறவங்க, மூட்டை தூக்கிறவங்க குடியிருக்கவும் சின்ன வாடகையில வீடு அங்கேயே வேணும். அவங்களைச் செங்கல்பட்டுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு 'நடக்கிற தூரத்துல எல்லாம்'னு பலகை வைக்கக் கூடாது.

இன்னொன்னு, தண்ணி. பஸ் நிலையத்து முன்னாடி ஜி.எஸ்.டி. ரோட்டுல மழைத்தண்ணி நின்னு, பிறகு வடிகால் கட்டினாங்க. சுத்தி ஏரிங்க இருக்கிற பூமி அது. 2015 டிசம்பர்ல முடிச்சூர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். வரைபடத்துல முதல்ல வாய்க்காலைப் போடுங்க, கட்டடம் அப்புறம். சந்தைக்கான ரெண்டு ஏக்கரையும் அந்த வரைபடத்துலயே குறிச்சிடுங்க. எல்லாம் கட்டி முடிச்சப்புறம் கேட்டா பார்க்கிங்குக்குப் பின்னாடி ஒரு மூலையைத்தான் காட்டுவாங்க.