கட்டைவிரலும் கவசமும்

வாரத்தில் ஐந்து நாள் கணக்கு எழுதுகிறவர், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், இப்படிப் பல தொழில் செய்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் தலையில் இரும்புக் கவசம், இடையில் நீண்ட வாள், கையில் பெரிய கேடயம் சகிதம் பழங் கோட்டை ஒன்றின் புல்வெளியில் அணிவகுத்து நிற்கிறார்கள். லத்தீன் பாஷையில் உத்தரவு பிறக்கிறது. கால்கள் ஒன்றாக நகருகின்றன. இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளில் கோடைக்காலத்தில் காணக்கூடிய காட்சி இது. பண்டைய ரோமானியச் சிப்பாய்களைப் போல் உடுத்து, நடந்து, சமைத்துச் சாப்பிட்டுக் காட்டுவது இவர்களுடைய பொழுதுபோக்கு.

வயது வந்தவர்கள் ஆடும் பொம்மை விளையாட்டு என்று இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பதற்கு முன் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1972-ல் இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயரில் ‘எர்மின் ஸ்ட்ரீட் கார்டு’ என்ற குழு தோன்றியது. அக்குழுவினர் எடுத்துக்கொண்டது முதல் நூற்றாண்டு ரோமப் படை. 1985-ல் மார்க்கஸ் யுங்கெல்மான் என்ற ஜெர்மானிய சரித்திர ஆசிரியர் சில தோழர்களுடன் முற்கால ரோமானியக் கோலம் பூண்டு, முழுச் சுமையையும் தோளில் தாங்கி, இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தே சென்றார். செருப்பு எங்கே கடிக்கிறது, கவசத்தின் பாரம் எந்தத் தோளில் இறங்குகிறது என்பவை புத்தகம் படித்து அறியக்கூடியவை அல்ல. நடந்து பார்த்தவனுக்குத்தான் அவை தெரியும்.

அண்மைக் காலத்தில் இன்னொரு கூட்டத்தார் தோன்றியிருக்கின்றனர். இவர்கள் எடுத்துக்கொள்வது ரோமின் பிற்காலம், அதாவது 4-ஆம், 5-ஆம் நூற்றாண்டு. சினிமாவில் பார்த்த செவ்வகக் கேடயத்தையும் பட்டைத் தகட்டுக் கவசத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். பிற்காலச் சிப்பாய் நீண்ட கை வைத்த அங்கியும் காற்சட்டையும் அணிந்தவன். அவனுடைய கேடயம் வட்டம் அல்லது முட்டை வடிவம். தலைக்கவசமோ இரண்டு பாதிகளை நடுவில் ஒரு முகட்டுப் பட்டையால் இணைத்துச் செய்தது. இத்தகைய ஆயுதங்களைச் செய்யச் சாம்ராஜ்யம் முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட அரசாங்கத் தொழிற்சாலைகள் இருந்தன.

இக்கோலம் கற்பனையில் உதித்தது அல்ல. 1910-ல் நெதர்லாந்தின் டியூர்ன் அருகே கரிமண் வெட்டிய தொழிலாளி ஒருவர் பொன்முலாம் பூசிய வெள்ளித் தலைக்கவச உறையைக் கண்டெடுத்தார். குதிரைப்படைப் பிரிவு ஒன்றின் பெயர் அதில் பொறித்திருக்கிறது. இன்று அது லெய்டன் நகரப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. சிசிலித் தீவின் பியாட்சா அர்மெரினா மாளிகைத் தரையில் கல் பதித்த சித்திரங்கள் உடையின் நிறத்தைக் காட்டுகின்றன. எகிப்தின் வறண்ட மணல் துணிகளையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

வெஜீஷியஸ் என்ற நூலாசிரியர், ஈயக் குண்டு பொருத்திய குறு ஈட்டிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சிப்பாய் ஒவ்வொருவனும் கேடயத்தின் உட்புறத்தில் ஐந்து ஈட்டிகளைச் சுமந்தானாம். அதை எப்படி வீசினான்? செய்து வீசிப் பார்த்தவர்கள், கையைக் கீழிருந்து மேலாகச் சுழற்றி எறிந்தால் அது நெடுந்தூரம் செல்வதைக் கண்டார்கள். படிப்பறையில் நடந்த விவாதத்துக்குப் புல்வெளி ஒரு விடை கொடுத்தது. இந்த அளவில் இப்பொழுதுபோக்கு பாராட்டுக்குரியதே.

மற்றொரு பயனும் உண்டு. அக்காலத்து ரோமப் படையில் கோத்தியரும் பிராங்கியரும் ஏராளமாகச் சேவகம் செய்தார்கள். அணிவகுப்பில் ரோமானியனையும் அவனை எதிர்க்கும் ‘காட்டுமிராண்டி’யையும் பக்கத்தில் நிறுத்தினால் உடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரோமின் பெயரைச் சொல்லி இனப்பெருமை பேசுகிறவர்கள் இந்தப் புல்வெளிக்கு ஒரு முறை வந்து போவது நல்லது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. அது சிறிய குறையும் அல்ல.

கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் வெளியிட்ட செப்புக் காசுகளில் கொடிகளோடு நிற்கும் இரு சிப்பாய்களின் உருவமும் ‘படையின் பெருமை’ என்ற வாசகமும் உண்டு. பிற்கால ரோமின் சிறு செப்புக் காசுகள் மதுரை, கரூர்ப் பகுதிகளிலும் இலங்கையிலும்கூடக் கிடைத்திருக்கின்றன. காசு பெருமை பேசிற்று. சட்டப் புத்தகம் பேசியது வேறு. படைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்சி, வாலிபர்கள் ஆயுதம் பிடிக்க முடியாதபடி தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். அப்படிச் செய்தவனை நெருப்பிலிட வேண்டும் என்று 368-ல் உத்தரவு பிறந்தது. 378-ல் ஏட்ரியானோபிள் போரில் வேலன்ஸ் சக்கரவர்த்தி மாண்டார். படையில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பியது என்று, தாமும் சிப்பாயாக இருந்த அம்மியானஸ் எழுதுகிறார். ஆள் பஞ்சம் வந்தது. 381-ல் சட்டம் மாறிற்று. விரல் இல்லாதவனும் படையில் சேரவேண்டியதே. முழு ஆள் ஒருவனுக்கு ஈடாக விரலற்றவர் இருவரைக் கொடுக்கலாம்! ஓடி ஒளிந்தால் அடையாளம் தெரியும்படி ஆயுதத் தொழிலாளியின் கையிலும், சிப்பாய்க்கு இடுவதுபோல, முத்திரையிட வேண்டும் என்று 398-ல் மற்றொரு சட்டம் வந்தது.

எந்த உடையைப் போடாமலிருக்க ஒருவன் விரலை வெட்டிக்கொண்டானோ, அதே உடைக்கு இன்று ஒருவர் கைப்பணத்தைச் செலவிட்டு ஆசையோடு அணிந்துகொள்கிறார். அதில் தவறில்லை, அவர் மாலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அன்றைய வாலிபனுக்கு அந்தச் சுதந்தரம் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் வாளின் பளபளப்பை மட்டும் காட்டினால், வேடிக்கை பார்க்கும் சிறுவன் யுத்தம் என்பது ஞாயிற்றுக்கிழமை உல்லாசம் என்றே எண்ணிக்கொண்டு போவான்.

ஆகவே இவ்விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. நிறைவு செய்ய வேண்டும். தையலின் நூலுக்கும் கவசத்தின் ஆணிக்கும் ஆதாரம் தேடுகிறவர்கள், அதே சிரத்தையோடு கட்டைவிரலின் கதையையும் கூட்டத்துக்குச் சொல்லட்டும். அணிவகுப்பு முடிந்ததும் அதற்கு ஐந்து நிமிஷம் போதும். தொட்டுப் பார்க்கக் கவசத்தைக் கொடுக்கும்போதே, அதை அணிய மறுத்தவனைப் பற்றியும் சிறுவன் கேட்டறிந்தால், அவன் சரித்திரத்தின் இரு பக்கங்களையும் கண்டவனாக வீடு திரும்புவான்.