காளவாசல் எந்த வாசல்?



காளவாசலுக்கு என்ன பொருள் என்று அங்கேயே குடியிருக்கும் பலரிடம் கேட்டிருக்கிறேன். காளி கோயில் வாசல் என்பார் ஒருவர். காளைகள் வந்துபோன வாசல் என்பார் இன்னொருவர். கோட்டை வாசல் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

கோட்டை என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. கீழவாசலும் தெற்குவாசலும் பழைய மதுரைக் கோட்டையின் வாசல்கள் இருந்த இடங்கள்தானே. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. ஆனால் காளவாசல் அந்தக் கோட்டைக்கு வெளியே, மேற்கே, தேனி போகும் சாலையில் இருக்கிறது.

விடை நம் பேச்சிலேயே இருக்கிறது. செங்கல், சுண்ணாம்பு சுடுகிற சூளையைத் தென்மாவட்டங்களில் காளவாசல் என்றுதான் சொல்வோம். அகராதியில் காளவாய் என்ற சொல்லைப் பாருங்கள், அதே பொருள். சென்னைக்குச் சூளையும் சூளைமேடும் போல நமக்குக் காளவாசல்.

இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. "சூளைதானா சார், பெருமையா வேற எதுவும் இல்லையா?" என்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெருமை வேண்டாம். திருமலை நாயக்கர் மகால், 1636 என்று எழுதி மார்க் வாங்கினீர்கள். மகாலுக்குச் செங்கல் செய்ய மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் என்றும் கேட்டிருப்பீர்கள். அந்த மண்ணை மிதித்தவர், அறுத்தவர், சுட்டவர் பெயர் எந்தப் பாடத்தில் இருந்தது? பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது. சூளைக்காரர்களுக்குக் கிடைத்த கல்வெட்டு இந்த ஒரு பெயர்தான்.

இது பழங்கதையும் அல்ல. மழை ஓய்ந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் இன்றும் பிள்ளைகளோடு சூளைக்குப் போகின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் சூளைகளிலிருந்து குடும்பங்களை மீட்டதாகச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. முழுப்பரீட்சைக்கு முன்பே வருகைப் பதிவேட்டில் காலியாகிவிடும் கட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். தன் வேலையின் பெயர் ஊருக்கே பெயராக இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால், வகுப்பில் தலை கொஞ்சம் நிமிரும்.

அதனால் என் கருத்து இதுதான். ஊர்ப்பெயருக்கு இல்லாத காளியையும் காளையையும் கட்டிவிட வேண்டாம். 'சிட்டி', 'அவென்யூ' என்று பலகை வைத்துப் பழைய பெயரை மறைக்கவும் வேண்டாம். 2020ல் திறந்த மேம்பாலத்தின் தூண் ஒன்றில் இந்தப் பெயரின் பொருளை இரண்டு வரியில் எழுதி வைத்தால் செலவு அதிகம் ஆகாது. உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், பள்ளி இருக்கும் ஊரின் பெயரையே ஒரு நாள் பாடமாக எடுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் தெருவுக்கு, ஊருக்கு என்ன பொருள் என்று அம்மாவிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள். அந்தச் சாக்கிலாவது வீட்டுக்கு ஒரு போன் போகட்டும்.