ஒன்பது குழி போதும்

கிண்டி குதிரைப்பந்தய மைதானத்தின் வாயில்களைச் சர்க்கார் அதிகாரிகள் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி பூட்டி முத்திரை வைத்தபோது, குதிரைகளின் கதி என்ன, பந்தயத்தின் கதி என்ன என்று ஊரெங்கும் பேச்சு எழுந்ததேயொழிய, ஓடுதளத்தின் வளையத்துக்குள்ளே மதராஸ் ஜிம்கானா கிளப் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்த கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி, அக்கிளப்பின் அங்கத்தினர்களையும் அவர்களுடைய பைகளைச் சுமந்து பிழைத்த கேடிகளையும் தவிர, கவலைப்பட்டவர் அதிகம் பேர் இல்லை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மதிலோரமாகவே பல வருஷம் பஸ்ஸில் போய்வந்தும், உள்ளே இருந்த பசும்புல்லை மெட்ரோ ரயில் உயரத்தில் ஓடத் தொடங்கிய பிறகே முதன்முதலாகக் கண்ட சைதாப்பேட்டை ஜனங்களும் வேளச்சேரி ஜனங்களும், தாம் ஒருநாளும் மிதித்தறியாத புல்லுக்காக எப்படி வருந்துவார்கள்?

நிலத்தை மீட்டது நியாயமா என்று கேட்டால், நியாயம் என்றே சொல்லுவோம். 160.86 ஏக்கர் நிலத்தை 1945 ஏப்ரல் முதல் 99 வருஷக் குத்தகைக்கு, ஆண்டொன்றுக்கு 614 ரூபாய்ச் சில்லறை வாடகையில், அன்றைய மாகாண சர்க்கார் மதராஸ் ரேஸ் கிளப்புக்கு அளித்தது; ஏக்கருக்கு வருஷம் நான்கு ரூபாய்கூடத் தேறாத அந்தத் தொகையை, மயிலாப்பூரில் ஒரு சின்னப் போர்ஷனில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருந்து, ஒப்பந்தம் முடியுந்தோறும் வாடகை ஏறுவதைச் சகித்துக்கொள்ளும் குடும்பஸ்தர் எந்த மனநிலையோடு கேட்டிருப்பார் என்பதை விவரிக்கத் தேவையில்லை. 1970 முதல் உயர்த்தப்பட்ட வாடகையின் பாக்கியாக 730.86 கோடி ரூபாயைச் செலுத்த வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. குத்தகை அடுத்த ஆண்டு செப்டம்பரில் ரத்தாயிற்று. குதிரைப்பந்தயம் என்ற ஆட்டம் 1974-இலேயே இந்த ராஜ்யத்தில் சட்டத்தால் தடை செய்யப்பட்டு, அது சூதாட்டமன்று, திறமையின் ஆட்டமே என்று 1996-இல் உச்ச நீதிமன்றத்தால் காப்பாற்றப்பட்டது என்பது சுவாரசியமான பழங்கதை. ஆனால் ஆட்டம் குற்றமற்றது என்பதனால் நிலமும் இனாமாகிவிடாது.

ஆகவே விவாதம் மீட்டதைப் பற்றியதன்று, மீட்டபின் என்ன செய்வது என்பதைப் பற்றியது. 118 ஏக்கரில் சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பதாகச் சர்க்கார் பிரஸ்தாபித்திருக்கிறது. மாநகராட்சி அங்கே குளங்களும் வெட்டியிருக்கிறது. குளம் வெட்டியதை நாம் மனமார வரவேற்கிறோம். இந்த நகரின் தென்பாகம் நீரின் இடத்தைப் பறித்து வீடு கட்டிக்கொண்ட பிரதேசம். இன்று புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் தியாகராய நகரே, 1920-களில் பெரியதோர் ஏரியை வற்றவைத்து, அதன் படுகையில் மனை பிரித்து உண்டாக்கப்பட்ட பேட்டை என்பதை, ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கிற அப்பேட்டைவாசிகள் வருஷந்தோறும் நினைவுகூர நேர்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்த பிறகும் சிமெண்ட் பூசாத மண் எவ்வளவு அருமையானது என்று உணராதவர்களுக்கு எந்தப் புள்ளிவிவரத்தாலும் பிரயோஜனமில்லை. கோல்ஃப் கனவான்கள், அறிந்தோ அறியாமலோ, நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணைத் திறந்த மண்ணாகவே வைத்திருந்தார்கள். அந்த உபகாரத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நம்முடைய அச்சமெல்லாம் ‘பூங்கா’ என்ற பெயரில் வரக்கூடியதைக் குறித்தே. கதீட்ரல் சாலையில், செம்மொழிப் பூங்காவுக்கு அருகே, 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் கம்பியில் தொங்கிப் பறக்கும் ஜிப்லைன் உண்டு, இசைக்கேற்ப ஆடும் நீரூற்று உண்டு, பறவைக்கூடம் உண்டு. உள்ளே காலெடுத்து வைப்பதற்கே பெரியவர்களுக்கு 100 ரூபாய் என்று கட்டணமும் விதிக்கப்பட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பம் அங்கே போய்வருவது ஒரு சினிமாவுக்குப் போய்வருவதற்குச் சமானம். மாறாக, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டு, நீருக்கும் சதுப்புச் செடிகளுக்கும் முதலிடமும் மனிதர்களுக்கு அடுத்த இடமும் கொடுத்து 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, சர்க்கார் மனம் வைத்தால் என்ன செய்ய இயலும் என்பதற்குச் சான்று. கிண்டிக்கு உகந்த முன்மாதிரி இரண்டாவதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நாம் கோருவது சிலருக்கு விநோதமாகப் படலாம்: கோல்ஃப் அங்கே தொடர வேண்டும். பதினெட்டுக் குழிகள் வேண்டாம். குளங்களைச் சுற்றி ஒன்பது சிறு குழிகள் போதும். கிளப்பின் அங்கத்தினர் அட்டையும் பரிந்துரையும் காத்திருப்புப் பட்டியலும் வேண்டாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பொறுப்பேற்று, நீச்சல் குளத்துக்கு வசூலிப்பது போன்றதொரு சிறு கட்டணத்தில், வேட்டி கட்டியவரும் வரலாம் என்ற நிபந்தனையோடு நடத்தட்டும். வேட்டியைச் சொல்வது பரிகாசத்துக்கன்று. 2014-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்துக் கிளப் ஒன்று உள்ளே விட மறுக்க, சட்டசபை தனிச் சட்டமே இயற்ற நேர்ந்த ஊர் இது.

பணக்காரர்களின் விளையாட்டுக்குப் பொதுநிலம் எதற்கு என்று கேட்பார்கள். இந்த ஆட்டத்தின் தாய்வீடாகக் கருதப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானம் பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்ஜனங்கள் அதன்மேல் உலாவுகிறார்கள். அமெரிக்காவின் தேசியப் பந்தயமான யூ.எஸ். ஓப்பன் 2002-இலும் 2009-இலும் நடந்த பெத்பேஜ், நியூயார்க் ராஜ்யத்தின் பொதுப் பூங்கா. நம் தேசத்திலோ, இந்தியன் ஓப்பன் பட்டத்தை 1991-இல் வென்ற அலி ஷேர், டில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக வளர்ந்தவர்; 2009-இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர்; 2016-லும் 2017-லும் வென்ற சௌராசியா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் புதல்வர். பிறருடைய ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டு இவ்வளவு தூரம் போனவர்களுக்கு முறையான மைதானம் வாய்த்திருந்தால் அவர்கள் எண்ணிக்கை இன்னும் எவ்வளவு பெருகியிருக்கும்! டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம்பெற்ற அதிதி அசோக்கின் பெற்றோர் கோல்ஃப் ஆடுபவர்களல்லர். சிறு பெண்ணாக அவர் எட்டிப் பார்த்த பெங்களூர்ப் பயிற்சித் தளத்தின் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

புல்லுக்குத் தண்ணீர் வேண்டுமே என்ற ஆட்சேபம் கனமானது. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்ற 2019-ஐ இந்நகரம் மறக்கவில்லை. ஆகையால் நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் சுத்திகரிக்கப்படும் கழிவுநீரைத் தவிர ஒரு குடம் நல்ல தண்ணீரும் அங்கே பாயக் கூடாது. குளத்தில் வடியும் என்பதால் பூச்சிமருந்தும் கூடாது. புல் கோடையில் காய்ந்து பழுப்பேறினால் பழுப்பிலேயே ஆடட்டும். பந்து பட்டு நடப்பவர்க்குக் காயம் ஏற்படாதபடி காலையில் சில மணி நேரத்தை ஆட்டத்துக்கும், மாலையையும் ஞாயிறையும் முழுவதும் நடப்பவர்களுக்கும் பிரித்துவிடலாம். நாகேசுவர ராவ் பூங்காவின் குறுகிய பாதையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நடக்கிற மயிலாப்பூர்ப் பெரியவர்கள் அதற்காகவே கிண்டிக்கு வருவார்கள்.

மாதச் சம்பளமில்லாமல் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள் கேடிகள். வாயில் பூட்டப்பட்ட அன்றே அவர்களுடைய வருமானமும் பூட்டப்பட்டது. கிளப் நீதிமன்றத்தை நாடிற்று; கேடிக்கு எந்த நீதிமன்றம்? புதிய மைதானத்தில் பயிற்சியாளர், புல்தரைப் பணியாளர், காவலர் என்று எந்த வேலைக்கு ஆளெடுத்தாலும் அவர்களுடைய பெயர்களே பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பூங்காவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே சர்க்கார் இதை எழுத்தில் தர வேண்டும், வரைபடத்தையும் சைதாப்பேட்டையிலும் வேளச்சேரியிலும் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும்.

நந்தனத்தில், காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து பழக வேண்டுமென்ற உத்தேசத்தோடு 1873-இல் தோன்றிய அந்த ஸ்தாபனம், கிண்டியில் நடந்ததைப் பார்த்த பிறகு, உத்தரவு எதற்கும் காத்திராமல் வாரத்தில் ஒரு நாளாவது சுற்றுவட்டாரத்துக் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்து மட்டையைக் கையில் கொடுக்கலாம். அந்த நாள் திங்கட்கிழமையாக இருந்தால் அங்கத்தினர்களுக்கும் அதிக அசௌகரியம் நேராது.