பெருங்கப்பலும் நமது கரையும்

கடலை முற்றமாகக் கொண்டு வாழும் நமக்குக் கப்பல் புதுமையன்று. ஆயினும், உல்லாசப் பயணத்துக்கென இந்நாளில் கட்டப்படுபவற்றைக் கப்பல் என்பதா, மிதக்கும் ஊர் என்பதா என்று தெரியவில்லை. 1912ஆம் ஆண்டில் உலகமே வியந்து பார்த்த டைட்டானிக் ஏறக்குறைய 46,000 தொன் கொள்ளளவுடையது. 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐக்கொன் ஒஃப் த சீஸ்’ அதனினும் ஐந்து மடங்கு பெரிது. அதன் நீளம் 365 மீற்றர், தளங்கள் இருபது. பயணிகளும் பணியாளரும் நிறைந்தால் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் அதில் இருப்பர்.

இதனால் விளையும் நன்மையை முதலிற் சொல்வோம். கப்பல் பெருக்கப் பெருக்கச் செலவு பலரிடையே பங்கிடப்படுகின்றது. முன்னர் செல்வருக்கே உரியதாயிருந்த கடற்பயணம் இன்று நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகின்றது. ஊருக்கு ஊர் பெட்டி கட்டி அவிழ்க்கும் தொல்லையின்றி முதியோரும் சிறுவரும் பல தேசங்களைக் காணலாம். சமையற்காரர் முதல் பொறியியலாளர் வரை ஆயிரக்கணக்கானோர் பிழைக்கவும் வழியுண்டு.

நமது நாடும் இப்பயனை ஓரளவு கண்டதே. 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு வந்தது. 1990இல் சேவைக்கு வந்த அக்கப்பல் 50,000 தொன்னுக்கும் குறைந்தது. இன்றைய கணக்கில் அது சிறு கப்பலே என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி மறுபக்கம். உண்பதும் உறங்குவதும் பொருள் வாங்குவதும் கப்பலுக்குள்ளேயே முடிந்துவிட்டால், கரையிலுள்ள கடைக்காரருக்கு எஞ்சுவது என்ன? சில மணி நேரத்துக்குள் ஆயிரமாயிரம் பேர் இறங்கி ஏறும் நெருக்கடியே எஞ்சும். இதனை நன்குணர்ந்த வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்டில் பெருங்கப்பல்களைத் தன் நடுக்கால்வாயிலிருந்து விலக்கியது. ஆபத்தையும் மறத்தலாகாது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே பாறையில் மோதிய ‘கொஸ்டா கொன்கோர்டியா’வில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர், 32 பேர் மாண்டனர். யானைக்கும் அடி சறுக்கும் அன்றோ!

பெரிய கலத்துக்கு நேரும் விபத்து கரையிலுள்ளோரையும் கலங்கச் செய்யும். 2020 செப்டெம்பரில் நமது மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால், 270,000 தொன் மசகெண்ணெயுடன் ‘நியூ டயமண்ட்’ தீப்பற்றி எரிந்தது. அவ்வெண்ணெய் கடலிற் கொட்டாதது பெரும்பேறு. கொட்டியிருப்பின் நமது மீனவரின் வலைகள் எத்தனை காலம் உலர்ந்து கிடந்திருக்கும்!

பெருங்கப்பலுக்குப் பெருந்துறைமுகம் வேண்டும். ஆழமும் அலைதடுப்பும் வேண்டும். அதன் விலையை அறிய நாம் வெனிஸுக்குச் செல்லவேண்டியதில்லை. ஒலுவில் வரை சென்றாற் போதும். டென்மார்க்கின் கடனுதவியுடன் அமைந்து 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. நமது கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் இயல்புடையது. கடலுள் நீண்ட கல்லணை அதனை மறித்தபோது தென்புறம் மணல் சேர்ந்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்கள் வீழ்ந்தன. கப்பல் வரும் என்று காத்திருந்த மக்கள் தம் காணியைக் கடலுக்குக் கொடுத்தனர்.

ஆகவே, கப்பல் வேண்டாம் என்பதன்று நமது கருத்து. இயற்கையாகவே ஆழமுள்ள திருகோணமலைக்கு அளவான கப்பல்கள் வரட்டும். அங்கிருந்து பயணிகள் தரை வழியே வந்து, மருதமுனையில் நெய்த துணியை வாங்கி, நமது ஊர்ச் சோற்றை உண்டு, அறுகம்பையில் தங்கட்டும். அப்பணம் நமது வீடுகளுக்கு வந்து சேரும். நமது மணலும் இருந்த இடத்தில் இருக்கும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்றனர் முன்னோர். கப்பல் எவ்வளவு பெரிது என்று வியப்பதற்கு முன், நமது கரை எவ்வளவு தாங்கும் என்று கேட்போமாக.