சுவருக்கும் ஒரு பருவம் உண்டு

வீடு கட்டுகையில் அஸ்திவாரத்துக்கு நாள் பார்க்கிறோம். நிலை வைக்க நாள் பார்க்கிறோம். பால்காய்ப்புக்கும் நாள் பார்க்கிறோம். பூசிய சுவர் உலர்வதற்கு மட்டும் நாள் கொடுப்பதில்லை. மயிலாடிப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளைக் காணும்போது நமக்குத் தோன்றுவது இதுதான். குடியேறி ஓராண்டு நிறையுமுன்னே முன்னறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது. அடியில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்து நிற்கிறது. வீட்டுக்காரர் பெயிண்டரை ஏசுகிறார். பெயிண்டர் பெயிண்டைக் குறை சொல்கிறார். கடைக்காரர் கொத்தனாரைக் கைகாட்டுகிறார். கடைசியில் கூலியை இழப்பவர் பெயிண்டர்தான். ஆனால் பிழை பெரும்பாலும் நம்முடைய அவசரத்தில் இருக்கிறது.

சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதனால் புதுப்பூச்சின் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். அவ்வளவு காரமான ஈரச்சுவரில் எனாமல் அடித்தால், சோப்பு காய்ச்சும்போது எண்ணெய்க்கு நேர்வதே பெயிண்டில் உள்ள எண்ணெய்க்கும் நேர்கிறது. எமல்ஷன் அவ்வாறு சோப்பாவதில்லை என்றாலும், உள்ளிருந்து வெளியேற முயலும் ஈரம் அதையும் தள்ளிக் கொப்புளமாக்கும். அந்த ஈரம் கரைத்துக் கொண்டுவரும் உப்புகளே சுவரின் மேற்பரப்பில் பூக்கின்றன.

இங்கே இரண்டு காத்திருப்புகள் உள்ளன. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பூச்சு வலுப்பெறக் குறைந்தது 7 நாட்கள் நீர்விட்டு நனைப்பது ஒன்று. நனைத்த சுவர் உலர்வது மற்றொன்று. பின்னதற்கு நான்கு வாரம் என்பது வெயில் காலத்துக் கணக்கு. குமரி மாவட்டமோ இரண்டு பருவமழையும் காணும் மண். ஆடியில் நல்ல காரியம் கூடாது என்று ஒதுக்கிவிட்டு ஆவணியில் பால்காய்ப்பு வைக்கிறோம். ஆக, ஆனி ஆடிச் சாரலில் பூசிய சுவருக்கு ஆவணி பிறக்குமுன் வண்ணம் ஏறியாக வேண்டும்! அறுவடை மாதத்தின் பெயராலேயே விளைச்சலைக் கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் அழைத்த நாஞ்சில் நாட்டுக்கு, பயிரின் பருவம் தெரிந்திருக்கையில் சுவரின் பருவம் தெரியாமற் போனது வியப்பே.

முன்னோர் சுண்ணாம்பில் பூசினார்கள். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. கல்லில் பிறந்து கல்லாகவே முடியும் அந்தப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும். அதன்மேல் அடித்த வெள்ளையோ ஈரத்தை அடைக்காமல் வெளியே விட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் வெள்ளைச் சுவர்களைக் கண்டவர்கள் அதன் அழகை அறிவார்கள். எல்லாரும் சுண்ணாம்புக்கே திரும்ப வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. கற்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற மயிலாடியில், பொருளின் இயல்புக்குக் கைவேலை கட்டுப்பட வேண்டும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. சிமெண்டுக்கும் அதுவே நியாயம் என்கிறோம், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது அரிதான காரியமுமல்ல. குளியலறைச் சுவர், கைப்பிடிச்சுவர் ஆகியவற்றில் கசிவிருந்தால் முதலில் அடைக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. பூத்த உப்பை நீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். பிறகு உப்புத்தாள் தேய்த்துத் தூசி துடைத்து, காரம் தாங்கும் பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர், கடைசியில் இரண்டு கை பெயிண்ட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

வாடகையும் வங்கிக் கடன் தவணையும் ஒருசேரக் கட்டுகிறவர் எப்படிக் காத்திருப்பார் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் காத்திருக்க வேண்டியது பெயிண்ட்தான், குடியேற்றம் அல்ல. குறித்த நாளில் பால் காய்ச்சுங்கள். வெறும் பூச்சுச் சுவரோடு குடிபோங்கள். சபைக்கு நன்றாயிராது என்றால் சுண்ணாம்பு வெள்ளை ஒரு கை அடிக்கலாம். பிற்பாடு அதைச் சுரண்டி எடுக்கும் கூலி கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையும் கடந்து, மாசி பங்குனி வெயிலில் சுவர் காய்ந்தபின் வண்ணம் ஏறட்டும். உரிந்ததைச் சுரண்டி மறுபடி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சில மாதங்கள் மலிவு.

விருந்தினர் ஒரு நாள் பார்த்துப் போகும் சுவரில்தான் நாம் ஆயுள் முழுக்க விழிக்கப் போகிறோம். “இன்னும் ஈரம் காயலையே அண்ணாச்சி” என்று பெயிண்டர் தயங்கினால், அவர் வேலைக்குச் சோம்பி அப்படிச் சொல்லவில்லை. பழி தன்மேல் விழும் என்று அறிந்தே சொல்கிறார். அந்தச் சொல்லுக்குச் செவி கொடுப்பதே அவருக்கு நாம் தரும் முதல் மரியாதை.